வேலூரில் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு: பால் காய்ச்சியதிலிருந்து பட்டா வரை

பால் பொங்கியாயிற்று. கட்டிலும் பீரோவும் மாடியேறிவிட்டன. வண்டிக்காரர் பேசியதற்கு மேல் முந்நூறு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வந்த சொந்தக்காரர்கள் கேசரி சாப்பிட்டு, "வூடு நல்லா காத்தோட்டமா கீதும்மா" என்று சொல்லிவிட்டுப் போயாகிவிட்டது. இனிமேல்தான் வேலை.

காகிதப்பட்டறை, விருதம்பட்டு, காந்தி நகர் என்று ஆறு வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஏழாவதாகச் சத்துவாச்சாரியில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். ஏழு முறையும் ஏதோ ஒன்றைத் தலைகீழாகச் செய்து அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: குடிபோன பிறகு இருக்கும் வேலைகள் அப்படி ஒன்றும் மலையளவு இல்லை. வரிசை தப்பினால்தான் மலையாகிறது. ஆதாரில் முகவரி மாற்றப் போனால் கரண்ட் பில் கேட்பார்கள். கரண்ட் கார்டில் பெயர் மாற்றப் போனால் வீட்டு வரி ரசீது கேட்பார்கள். வீட்டு வரி மாற்றப் போனால் பத்திர நகல். எது தாய்க் காகிதம், எது பிள்ளைக் காகிதம் என்று தெரிந்துகொண்டு தாயிலிருந்து தொடங்கினால் பாதி அலைச்சல் குறையும்.

அதற்கு முன்னால், காகிதமே இல்லாத வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

முதல் நாள்: சாவி, மீட்டர், வால்வு

வாசல் கதவின் பூட்டை மாற்றுங்கள். முன்பு இருந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வீட்டு வேலைக்கு வந்தவர், பெயிண்டர், தரகர் என்று அந்தச் சாவிக்கு எத்தனை நகல் போயிருக்கிறதோ யாருக்குத் தெரியும். கதவில் பதித்த பூட்டாக இருந்தால் உள்ளே இருக்கும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பூட்டும் வாங்கத் தேவையில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மின் மீட்டரை எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அன்றைய தேதியோடு அந்தப் படம் கைப்பேசியில் இருந்தால், "இது நீங்கள் வருவதற்கு முன்னாடி ஓடியது" என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியே சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், சரியாக மூடாத ஜன்னல் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில், நாங்கள் குடிபோவதற்கு முன்பே உடைந்திருந்த வாஷ்பேசினுக்கு எங்களிடம் பிடித்தார்கள். படம் இல்லை, வாயை மூடிக்கொண்டு கொடுத்தோம்.

மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் குழாய் பிய்த்துக்கொண்டால் வால்வைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீர்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறுதான், அதாவது பாலாறு, இன்னும் பழையபடி. 2021 நவம்பரில் ஓடிய மாதிரி என்றைக்காவது இரு கரையும் தொட்டு ஓடும், பிறகு மணலாகிவிடும். அதனால் இந்த ஊரில் குடிபோனவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தண்ணீர்க் கணக்கு.

இங்கே ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு தண்ணீர். ஒன்று மாநகராட்சிக் குழாயில் வருவது. அதில் மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரியும் சேர்த்தி. இன்னொன்று வீட்டு போர் தண்ணீர். நிறைய இடங்களில் போர் தண்ணீர் உப்பு. எங்கள் வீட்டுக் குழாய்களின் வாயில் வெள்ளையாக ஒரு ஓடு பிடித்திருந்தது, ஷவரில் பாதித் துளை அடைத்திருந்தது. அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், எந்தக் கருவியும் வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு வருகிறது என்பதை எந்தத் தளத்திலும் தேடாதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். நான் கேட்டபோது எதிர் வீட்டுப் பாட்டி சொன்னது: "வெடிகாலையில நாலு மணிக்கு வுடுவாங்கம்மா. மோட்டாரு போட்டு உறிஞ்சிடாத, அப்புறம் எங்களுக்கு வராது." அதில் சட்டமும் இருக்கிறது, அக்கம்பக்கமும் இருக்கிறது. மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் பொருத்தி இழுப்பது குற்றம். பிடித்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தானாகச் சம்ப்பில் விழ விட்டு, சம்ப்பிலிருந்துதான் மேலே ஏற்ற வேண்டும்.

அந்தச் சம்ப்பைத் திறந்து பார்க்காமல் ஒரு குடம்கூட எடுக்காதீர்கள். வீட்டை வாங்கும்போது ஹால், சமையலறை, பூஜை அலமாரி எல்லாம் பார்த்தோம், சம்ப் மூடியை யாரும் தூக்கவில்லை. குடிவந்து மூன்றாம் நாள் தண்ணீரில் ஒரு வாடை. மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சேறு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு, இரண்டு தவளை. மூன்று நாளாக அந்தத் தண்ணீரில்தான் காப்பி போட்டுக்கொண்டிருந்தோம்.

சுத்தம் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் மோட்டார் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். தண்ணீரை முடிந்தவரை இறைத்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே பல மணி நேரம் விடுங்கள். மூடியே கிடந்த சம்ப்பில் காற்று கெட்டுப்போயிருக்கும். உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து இறந்த செய்திகள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. தனியாக யாரும் இறங்கவே கூடாது. பெட்ரோல், டீசல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். மேலிருந்தே அழுத்தத்தில் தண்ணீர் அடித்துச் சேற்றை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் வருகிறார்கள். கொஞ்சம் செலவானாலும் அதுதான் என் சிபாரிசு.

சுத்தம் செய்து தண்ணீர் நிரப்பிய பிறகு பிளீச்சிங் பவுடர். அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம். உங்கள் சம்ப் எத்தனை லிட்டர் என்று தெரியாவிட்டால் டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்களுடையது 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம்; பெருக்கினால் 150 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக மொத்தம் சுமார் 4,200 லிட்டர். அதற்கு 17 கிராம் பவுடர் போதும். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். பழைய பாக்கெட்டாக இருந்தால், திறந்தாலும் நெடி வராத பவுடராக இருந்தால், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அதில் குளோரின் எல்லாம் போயிருக்கும். மேல்தொட்டிக்கும் இதே முறைதான்.

குடிவந்த வாரத்திலேயே ஆர்ஓ (தண்ணீரில் உப்பைக் குறைக்கும் சுத்திகரிப்பு இயந்திரம்) விற்க ஒருவர் வருவார். எங்கிருந்து தெரியுமோ தெரியாது, கண்டிப்பாக வருவார். இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் வைத்துக் கரண்ட் கொடுப்பார். ஒரு நிமிடத்தில் உங்கள் டம்ளர் சாக்கடை மாதிரி பழுப்பாகும், அவருடையது பளிங்கு மாதிரி நிற்கும். "இதைத்தான் மேடம் குழந்தைக்குக் கொடுக்கிறீங்க" என்பார். பயப்படாதீர்கள். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு கிடையாது, கம்பியின் இரும்பு கரைந்து துருவாவது. தாது உப்பு இருக்கிற எந்தத் தண்ணீரிலும் கரண்ட் பாயும், துரு வரும். நல்ல மினரல் வாட்டரிலும் வரும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அவ்வளவுதான் வித்தை.

ஆர்ஓ வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் மலிவாகவே கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீர் 500-க்குள் இருந்தால் காய்ச்சி வடிகட்டினால் போதும். போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டிய நிலை என்றால் ஆர்ஓ வாங்குங்கள். அது வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. போர் தண்ணீரை முழுதாகச் சோதிக்க வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கலாம். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பாலாற்றுப் படுகையில் இருக்கிறோம், ஒரு முறை செய்து பார்ப்பது வீண் செலவில்லை.

கரண்ட்

மீட்டர் பெட்டியிலோ பழைய ரசீதிலோ இருக்கும் மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, பாக்கி ஏதும் இருக்கிறதா என்று மின்வாரியத் தளத்தில் அன்றைக்கே பாருங்கள். பாக்கி ஆளோடு போகாது, இணைப்போடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரும். அடுத்து, அந்த இணைப்பில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணை உங்களுடையதாக மாற்றுங்கள். இல்லையென்றால் பில் குறுஞ்செய்தி பழைய ஆளுக்குப் போய்க்கொண்டே இருக்கும், உங்களுக்கு ஃபியூஸ் பிடுங்க வரும்போதுதான் தெரியும். புகாருக்கு மின்னகம் எண் 94987 94987, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். பலர் கவனிக்காத கோடு 500-ல் இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுவதில்லை. கீழே உள்ள யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்து அடுக்கே மாறிவிடும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊரில் ஏசி இல்லாமல் முடியாது, தெரியும். ஆனாலும் ஒரு மாதம் கழித்து மீட்டரைப் பார்த்து, ஓடியது 240, 250 யூனிட்டில் நிற்கிறதா என்று கணக்கு வைத்தால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கலாம்.

பாதுகாப்புக்கு இரண்டு சோதனை. டிபி பெட்டியில், அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டியில், 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் உள்ள சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்; கரண்ட் கசிந்தால் தானாக அணைப்பது அதுதான். அழுத்தினால் டப்பென்று கரண்ட் போக வேண்டும். போனால் அது உயிரோடு இருக்கிறது. போகாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்படி ஒரு பொத்தானே இல்லாத பழைய வீடென்றால், புது டிவி வாங்குவதற்கு முன்னால் அதைப் பொருத்துங்கள். இரண்டாவது எர்த். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி எங்கே என்று கண்டுபிடித்து, கோடையில் அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாருங்கள். மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்றது. வயரிங் முழுக்க மாற்ற வேண்டும் என்று ஒருவர் பெரிய தொகை சொன்னார். இன்னொருவர் வந்து குழியைத் தேடினார், அதன்மேல் முன்பு இருந்தவர் சிமெண்ட் பூசித் துளசி மாடம் வைத்திருந்தார்.

கேஸ்

ஊருக்குள்ளேயே மாறியிருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கையோடு எடுத்து வந்துவிடலாம், முகவரியையும் ஏஜென்சியையும் மட்டும் மாற்றினால் போதும். வெளியூரிலிருந்து வந்தால் பழைய ஏஜென்சியில் சிலிண்டர், ரெகுலேட்டரை ஒப்படைத்து மாற்று வவுச்சர் வாங்கி வர வேண்டும். அதைத் தொலைத்துவிட்டால் பெரிய வம்பு. கைப்பேசி எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள்; சிலிண்டர் கொண்டு வருபவர் ஓடிபி கேட்பார்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் பெரிதாக எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருடம். பி-28 என்று இருந்தால் 2028 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி தாண்டியதைக் கொண்டு வந்தால் வாங்காதீர்கள், திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வீடு மாற்றும்போது மடங்கி விரிசல் விட்டிருக்கும், எப்படியும் ஒரு முறை வளைத்துப் பாருங்கள். கசிவென்றால் எந்த ஏஜென்சியாக இருந்தாலும் 1906.

குப்பையும் கழிவும்

வீட்டு வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள். குடிவந்த புதிதில் அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் குவிந்திருக்கும். அட்டையை எடைக்குப் போட்டுவிடுங்கள், மற்றதை ஒரே நாளில் அவர் தலையில் கட்டாமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கொடுங்கள்.

தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா, வீடு அதில் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் செப்டிக் டேங்க். கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று முன்பு இருந்தவரிடமே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்தாக வேண்டும். எடுப்பது லாரியும் குழாயும்தான். ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "குறைந்த செலவில் ஆளை வைத்து முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

தாய்க் காகிதம்: சொந்த வீடு

பத்திரம் பதிந்தவுடன் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். முதலில் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தில் பதிவான கிரயங்களின் பட்டியல்) போட்டு, உங்கள் கிரயம் ஏறியிருக்கிறதா, சர்வே எண், பரப்பளவு, பெயர், இன்ஷியல் எல்லாம் சரியா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. ஒரு எழுத்துப் பிழை இப்போது சின்ன வேலை, பத்து வருடம் கழித்து விற்கும்போது பெரிய வேலை.

பிறகு பட்டா. உட்பிரிவு தேவையில்லாத மனையென்றால் பதிவின்போதே பட்டா மாறுதல் மனு வருவாய்த்துறைக்குப் போய்விடும். தானாக மாறிவிடும் என்று நம்பி இருக்காமல், சில வாரம் கழித்து இ-சேவைத் தளத்தில் உங்கள் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். பெரிய மனையில் ஒரு பகுதியை வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அளக்க வரும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள், பக்கத்து மனைக்காரரையும் கூப்பிடுங்கள். கல் நடும்போது அவர் இருந்தால் பிறகு சண்டை இல்லை. வேலூரா காட்பாடியா, எந்தத் தாலுகா என்று தெரியாமல் தவறான அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலாற்றைத் தாண்டினால் மாநகராட்சி ஒன்றுதான், தாலுகா வேறு.

மூன்றாவது வீட்டு வரி. பத்திர நகல், கடைசி வரி ரசீது, அடையாள அட்டையோடு மாநகராட்சியில் பெயர் மாற்றம் கேளுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இருந்தால் அதற்கும் தனித்தனி எண் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறிவிட்டன என்று நினைக்காதீர்கள், மூன்றையும் எழுதிக் கேளுங்கள். வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

வரி ரசீது உங்கள் பெயரில் வந்த பிறகு மின் இணைப்புப் பெயர் மாற்றம். இதில் ஒரு சூட்சுமம்: பழைய உரிமையாளர் கட்டியிருக்கும் வைப்புத்தொகையை உங்கள் பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை சுலபம். அந்தக் கையெழுத்தைப் பத்திரப் பதிவு அன்றே வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு அவர் போனை எடுப்பதே அபூர்வம். பெயர் மாறியதும் ஆதார் இணைப்பையும் உங்களுடையதாக மாற்றுங்கள்.

தாய்க் காகிதம்: வாடகை வீடு

வாடகைக்கு இருப்பவருக்குத் தாய்க் காகிதம் ஒப்பந்தம். 2017-ல் வந்து 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்தில் பதியலாம், ஒரு பதிவெண் தருவார்கள். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி நோட்டரி கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே பழக்கம். ஆனால் நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் பதிந்த காகிதம்தான் பேசும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது சட்டம். கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் ஒரு கதவு வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே வருகிறது. பேரம் பேசுவதற்காவது சட்டம் சொல்லும் அளவு தெரிந்திருக்கட்டும். வெள்ளையடிப்பு, சுவர், குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது மாதிரியான சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. தகராறு இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

நம்மூரில் மருத்துவமனைக்காக மாதக்கணக்கில் தங்கும் வெளிமாநிலத்தவர் அதிகம், காட்பாடிப் பக்கம் மாணவர்கள். அதனால் வாடகைப் போர்டைப் பார்த்ததும் ஒரு விலை, தமிழில் பேசியதும் ஒரு விலை. ஒப்பந்தத்தில் பராமரிப்பு, தண்ணீர், மோட்டார் கரண்ட் எல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பவரும் உண்டு.

பிள்ளைக் காகிதங்கள்

தாய்க் காகிதம் கைக்கு வந்தபின் முதலில் ஆதார். பின்கோடைச் சரியாகப் போடுங்கள்: சத்துவாச்சாரி 632009, காந்தி நகர் 632006, காட்பாடி 632007, பாகாயம் 632002. எல்லாவற்றுக்கும் 632001 என்று போட்டுவிட்டுத் தபால் வரவில்லை என்று புலம்புபவர்கள் அதிகம். குடும்பத்தில் ஒருவர் முகவரி மாறிவிட்டால், மற்றவர்கள் குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு ஆன்லைனிலேயே அதே முகவரிக்கு மாறிக்கொள்ளலாம். மாமியாருக்கும் மாமனாருக்கும் இப்படித்தான் முடித்தோம், தனிச் சான்று எதுவும் தேடவில்லை.

ஆதார் மாறியதும் ரேஷன் அட்டை. முகவரி மாற்றத்தோடு கடையும் மாறிவிட்டதா என்று பாருங்கள். அடுத்து வங்கி, இன்சூரன்ஸ். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஊருக்குள்ளேயே மாறினாலும் வேலூர்த் தொகுதியிலிருந்து காட்பாடித் தொகுதிக்குப் போயிருக்கலாம். வண்டி ஆர்சி புத்தகத்தில் 30 நாளுக்குள் முகவரி மாற்ற வேண்டும். ராணிப்பேட்டை டிஎன்-73-லிருந்து இங்கே வந்திருந்தாலும் சரி, டிஎன்-23-க்குள்ளேயே தெரு மாறியிருந்தாலும் சரி. பழைய பகுதித் தபால்காரரிடம் ஒரு வார்த்தையும், தபால் நிலையத்தில் ஒரு கடிதமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாடியும் மழையும்

இதைக் கடைசியில் எழுதினாலும் ஆவணி, புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் துளைகளை ஒரு துணியால் அடைத்து, இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கீழே உத்தரத்தில் ஈரம் தெரிந்தால், எங்கே என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். கொத்தனார் வரும் அன்று காய்ந்துபோய் இடமே தெரியாது. வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் கோடையில் அறைச் சூடும் நன்றாகவே குறையும். ஒழுக்கை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்து ஏமாறாதீர்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம், உங்கள் வீட்டிலும் ஒரு குழாயும் குழியும் இருக்கும். ஆனால் அது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. எங்கள் வீட்டில் முதல் ஐப்பசி மழைக்கு மாடி முழுக்கக் குளம் மாதிரி நின்றது. குடையைப் பிடித்துக்கொண்டு என் கணவர் மேலே போய்க் குழாய்க்குள் கைவிட்டு இழுத்தார். கிரகப்பிரவேசத்துக்காகப் பெயிண்ட் அடித்தவர்கள் துடைத்துவிட்டுத் திணித்த சாக்குத் துணி, ஒரு முழ நீளம், அதோடு காய்ந்த மாவிலைத் தோரணம். தோரணத்தை நாங்கள்தான் மாடியில் வீசியிருந்தோம்.